பின்னால் வந்த சொந்தங்கள்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் வழியெல்லாம் சரிவுகளில் மரவள்ளி நிற்கிறது. ஒருகாலத்தில் சாமையும் தினையும் விளைந்த கல்வராயன் மலைக் காடுகளில் பலவற்றை இன்று பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் குச்சிக்கிழங்குதான். ஏன் என்று கேட்டால் பாடு குறைவு என்பார்கள். ஒரு சாண் குச்சியை வெட்டி ஊன்றினால் முளைத்துவிடும். மழை கொஞ்சம் தள்ளிப்போனாலும் பட்டுப்போகாது. எட்டு, பத்து மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்றினால் ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்ளும்.

இப்படி மருந்து மாயம் அதிகம் கேட்காமல் விளைந்த பயிர், 2020-க்குப் பிறகு திடீரென்று சீக்காளியாயிற்று. செடியின் நுனி வளராமல் நின்றது. இலைகள் விரிய மறந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாயின. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறுகித் தண்டு கோணியது. கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு. மாவைத் துடைத்தால் இளஞ்சிவப்பில், கடுகைவிடச் சற்றே பெரிய பூச்சிகள்.

மண் அதேதான், மழையும் ஏறக்குறைய அதேதான், குச்சியும் பழைய குச்சியிலிருந்து வெட்டியதுதான். பிறகு ஏன்? மண் செத்துவிட்டது, ரகம் தேய்ந்துவிட்டது, எல்லாம் யூரியாவால் வந்தது என்று டீக்கடையில் ஆளுக்கொரு விடை கிடைக்கும். அவற்றில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் இந்தப் புதிரின் சாவி வேறு கேள்வியில் இருக்கிறது: மரவள்ளி இந்த ஊருக்கு வந்தபோது யாரை விட்டுவிட்டு வந்தது?

இந்த மலையில் இடம்பெயர்வு புதிய பேச்சல்ல. கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று சொல்வது வழக்கம். அண்ணன் தம்பி மூவர் வந்ததாகவும், ஆளுக்கொரு மலையில் தங்கியதாகவும் கதை போகும். 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் இது பதிவாகியிருக்கிறது. மனிதர்கள் தாங்கள் வந்த வழியைக் கதையாக வைத்திருக்கிறார்கள். செடி தன் உடம்புக்குள் வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு பயிரின் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க எளிய முதல் வழி, அதன் காட்டு உறவினர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவது. மரவள்ளி, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெரிய குடும்பத்துக்குள் அதன் நேர்ப் பங்காளிகளாகச் சுமார் நூறு இனங்கள் உண்டு. அத்தனையும் இயற்கையாக வளர்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. நூறு பங்காளிகளும் ஒரே பக்கம் இருக்க, ஒருவர் மட்டும் உலகமெங்கும் காணப்பட்டால் வெளியூர் போனவர் யார் என்பதில் சந்தேகமில்லை.

இன்னும் நெருங்கிப் பார்க்க மரபணு உதவுகிறது. 1999-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ஓல்சனும் பார்பரா ஷாலும் பயிர் மரவள்ளியின் ஒரு மரபணுவை எடுத்து, பிரேசிலின் பல பகுதிகளில் வளரும் காட்டு மரவள்ளிகளில் அதே மரபணு எப்படியெல்லாம் வேறுபடுகிறது என்று ஒப்பிட்டார்கள். பயிரில் இருந்த வேறுபாடுகள் காட்டினத்தில் இருந்தவற்றின் சிறு பகுதியாக, அதுவும் அமேசான் படுகையின் தென்விளிம்பில் வளரும் செடிகளோடு பொருந்தின. மரவள்ளியை முதலில் வீட்டுப் பயிராக்கியது அந்தப் பகுதி மக்கள்தான் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. எல் சால்வடாரில் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் மூடிய ஒரு கிராமத்தைத் தோண்டியபோது, பாத்தி கட்டி மரவள்ளி நட்ட வயல் அப்படியே கிடைத்தது. அதாவது கொலம்பஸ் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே அது முறையான வேளாண்மை.

பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் கொண்டுவந்தன. 1880-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை மக்களிடையே பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசியும், கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோனபோது கேரளத்தில் அது சோற்றுக்கு மாற்றானது, சேலத்தில் தொழிலானது. பனை இனம் ஒன்றின் தண்டிலிருந்து எடுத்த ஜவ்வரிசியின் இடத்தில் மரவள்ளி மாவை உருட்டி வறுத்த ஜவ்வரிசி வந்தது. பாயசத்தில் அதைத் தின்கிற நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இப்போது மையக் கருத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் முதலில் கடல் கடந்து போகிறார் என்று வையுங்கள். மனைவி மக்களை விட்டுவிட்டுப் போகிறார். கூடவே ஊரில் வட்டி கேட்டு வாசலில் நிற்கும் கடன்காரர்களையும் விட்டுவிட்டுப் போகிறார். புது ஊரில் அவர் கை நிமிர்வதற்கு உழைப்பு ஒரு காரணம், கடன்காரர் இல்லாதது இன்னொரு காரணம். செடிகளுக்கும் இதுதான். சொந்த மண்ணில் ஒவ்வொரு செடியையும் தின்பதற்கென்றே பழகிய பூச்சிகள், பூஞ்சைகள், வைரஸ்கள் உண்டு. விதையோ குச்சியோ கப்பலேறும்போது இவற்றில் பெரும்பகுதி கரையிலேயே நின்றுவிடுகிறது. செடி எதிரியிலிருந்து விடுபட்டு இரட்டிப்பாகச் செழிக்கிறது. சூழலியலாளர்கள் வைத்திருக்கும் இந்தக் கருத்தைப் 'பகைவிடுப்புக் கருதுகோள்' என்று தமிழில் சொல்லலாம்.

இதை வெறும் ஊகமென்று தள்ள முடியாது. சார்ல்ஸ் மிச்சலும் அலிசன் பவரும் 2003-ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் தானாகவே வேரூன்றிய 473 செடி இனங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தாய்மண்ணில் எத்தனை நோய்கள் தாக்குகின்றன, போன இடத்தில் எத்தனை என்று பதிவேடுகளிலிருந்து எண்ணினார்கள். போன இடத்தில் பூஞ்சை நோய் இனங்கள் சராசரியாக 84 சதவீதம் குறைவு. வைரஸ் இனங்களோ 24 சதவீதம்தான் குறைவு. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மரவள்ளி வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாய்மண்ணில் சேர்த்துவைத்த ஆயுதம் ஒன்று அதனிடம் இருந்தது: சயனைடு. செடியின் உயிரணுக்களில் சயனைடைக் கட்டிவைத்திருக்கும் ஒரு சர்க்கரைப் பொருள் ஓரிடத்திலும், அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. இலையைக் கடித்து நசுக்கும்போது இரண்டும் கலந்து நஞ்சு வெளிப்படுகிறது. மேய்ச்சலுக்குப் போன ஆடோ மாடோ மரவள்ளித் தழையை வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சுருண்டு விழுவது இதனால்தான். அமேசான் மக்கள் கசப்பு ரகங்களைத் துருவி, பிழிந்து, ஊறவைத்து, வறுத்து நஞ்சை நீக்கக் கற்றிருந்தார்கள். செடி கப்பலேறியபோது இந்தக் கைப்பக்குவம் எல்லா இடங்களுக்கும் கூடவே போகவில்லை. காங்கோவில் வறட்சிக் காலங்களில் கசப்புக் கிழங்கை அவசரமாக ஊறவைத்துத் தின்ற ஏழைகளுக்கு இரு கால்களும் விறைத்து நடை முடங்கும் கொன்சோ என்ற நோய் வந்தது. 1938-லேயே அது மருத்துவப் பதிவில் இருக்கிறது. நம் வீடுகளில் இனிப்பு ரகத்தைத் தோலுரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். சேகோ ஆலையில் கிழங்கை அரைத்துத் தண்ணீரில் அலசி, திப்பியைத் தனியே ஒதுக்கி, மாவை மட்டும் தெளியவைக்கிறார்கள். நஞ்சில் பெரும்பகுதி கழிவுநீரோடு போய்விடுகிறது.

வந்த இடத்தில் கடன்காரரே இல்லாமல் எத்தனை காலம் வாழ முடியும்? புது ஊரிலும் கடன் கொடுப்பவர்கள் உண்டு. மரவள்ளியை முதலில் பிடித்துக்கொண்டது உள்ளூர் ஆள்தான். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக வரும் தேமல் நோய் நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய குச்சியும் பரப்புகிறது. மரவள்ளியே அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் இந்த வைரஸும் அங்கிருந்துதானே வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. தாய்மண்ணான தென்னமெரிக்காவில் இந்தத் தேமல் நோய் கிடையாது. ஆப்பிரிக்காவில் 1894-லேயே பதிவாகியது. இங்கே இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என இரு வகை உண்டு. இவற்றின் மரபுப் பொருளைப் படித்தால் பழைய உலகத்து வைரஸ்களுக்கே உரிய ஒரு மரபணு அவற்றில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து உறவு வைரஸ்களில் அது இல்லை. அதாவது இங்கே ஏதோ ஒரு காட்டுச் செடியில் குடியிருந்த வைரஸ், வெள்ளை ஈயின் வாய்வழியே புதிதாக வந்த மரவள்ளிக்குத் தாவி, அதிலேயே தங்கிவிட்டது. மிச்சல், பவர் கணக்கில் வைரஸ் இழப்பு ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு: சில வைரஸ்கள் செடியின் உடம்புக்குள்ளேயே பயணம் செய்கின்றன, சில போன இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

தேமலுக்கு மருந்து, குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து வந்தது. 1930-களில் தான்சானியாவின் அமானி ஆய்வு நிலையத்தில் ஸ்டோரி என்ற விஞ்ஞானி, மரவள்ளியை அதன் பங்காளியான சியாரா ரப்பர் மரத்தோடு இனக்கலப்பு செய்தார். அந்தக் கலப்பின் வாரிசுகள் நைஜீரியாவின் இபடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்துக்குப் போய், அங்கே பெருகின. அங்கிருந்து வந்த ரகம் ஒன்றைத்தான் திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ பத்மநாபா என்ற பெயரில் வெளியிட்டது. நம் பக்கம் முள்ளுவாடி, குங்கும ரோஸ், தாய்லாந்து வெள்ளை என்று மாவுச்சத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். ஆலை கொடுக்கும் விலை மாவுச்சத்தின் அளவை வைத்துத்தான். தேமலைத் தாங்குவதற்கு யாரும் தனி விலை தருவதில்லை. ஆகவே தாங்கும் ரகம் இருந்தும் அது எல்லாக் காட்டுக்கும் போய்ச் சேராததற்கு விவசாயியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கொத்துக்குள் வெள்ளை மாவோடு கிடந்த அந்த மாவுப்பூச்சியின் கதை இதற்கு நேர்மாறு. அது உள்ளூர் ஆள் அல்ல. பழைய ஊரின் கடன்காரர், விலாசம் கண்டுபிடித்து வந்து சேர்ந்தவர்.

1970-களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் மரவள்ளியின் நுனி கொத்தாகத் தொடங்கியது. பூச்சியை 1977-ல் மத்தீல்-ஃபெரேரோ என்ற பிரெஞ்சு வல்லுநர் புது இனமாக விவரித்தார். அப்போதுவரை அது உலகில் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் அதை ஆப்பிரிக்கப் பூச்சி என்று ஏற்கவில்லை. மரவள்ளியையும் அதன் பங்காளிகளையும் விரும்பித் தின்னும் பூச்சி, மரவள்ளியின் ஊரில்தான் பிறந்திருக்க வேண்டும். அங்கே யாரும் அதைப் பார்த்ததில்லை என்றால், பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது அடங்கிக் கிடக்கிறது என்று பொருள். அடக்கிவைத்திருப்பவர் யாரோ அங்கே இருக்கிறார். இது எவ்வளவு துணிச்சலான ஊகம் என்று பாருங்கள். ஒரு பூச்சி அரிதாக இருக்கிறது என்பதையே அதன் சொந்த ஊருக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தேடுதல் சுலபமாக இல்லை. தென்னமெரிக்காவின் வடக்குப் பகுதியில் அச்சு அசல் அதேபோல ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தின்னும் குளவிகளை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீந்தவில்லை. பிறகுதான் வேறுபாடு தெரிந்தது: தென்னமெரிக்க வடக்குப் பூச்சியில் ஆண் உண்டு; காங்கோ பூச்சியில் ஆணே கிடையாது, பெண்கள் ஆணில்லாமலே பெண்களைப் பெறுகின்றன. 'கன்னிப்பெருக்கம்' எனப்படும் இந்த முறையில் குடியேற ஒரேயொரு பூச்சி போதும். அதன் மகள்கள் எல்லாரும் முட்டையிடுவார்கள். ஒரு குச்சியின் கணுவிடுக்கில் ஒளிந்து கண்டம் தாண்ட இதைவிடத் தோதான உயிர் கிடைக்காது. கடைசியில் 1981-ல் ஆண்டனி பெல்லாட்டி என்ற ஆய்வாளர் பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். அங்கே அது நிஜமாகவே அரிதாக இருந்தது.

அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவற்றில் முக்கியமானது அனகைரஸ் லோபெசி என்ற குளவி. குளவி என்றதும் வீட்டு மூலையில் கூடுகட்டிக் கொட்டும் குளவி நினைவுக்கு வரும். இது ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாது, மனிதரைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டையை வைக்கிறது. புழு உள்ளேயிருந்து பூச்சியைத் தின்று வளர்கிறது. பூச்சி வெளியே மாவு உதிர்ந்து, பழுப்பாகி, உப்பிய கூடாக இறுகுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் கூட்டின் முனையில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வருகிறது. கைக்கு அடக்கமான உருப்பெருக்கி இருந்தால் செடியின் நுனியிலேயே இந்த ஓட்டைக் கூடுகளைப் பார்க்கலாம். இப்படி ஒரு பூச்சிக்குள் வளர்ந்து முடிவில் அதைக் கொல்லும் உயிரை 'ஒட்டுண்ணிக் குளவி' என்கிறோம். பேன் போன்ற சாதாரண ஒட்டுண்ணி வீட்டுக்காரரைச் சாகவிடாது. இது விடாது கொல்லும்.

பராகுவேயிலிருந்து புறப்பட்ட குளவி முதலில் லண்டனில் ஒரு தொற்றுக்காப்பகத்தில் தங்கியது. அதற்குள் வேறு நோயோ, குளவியைத் தின்னும் குளவியோ ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகு இபடானுக்குப் போனது. ஹான்ஸ் ஹெர்ரன் தலைமையில் அங்கே வளர்த்து வயல்களில் விட்டார்கள். ஆப்பிரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைத்தது. ஹெர்ரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

குளவி விட்டதும் பூச்சி குறைந்தது சரி, குளவியால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும்? மழை பெய்தாலும் மாவுப்பூச்சி குறையும். இதற்கு எளிய, அழகான ஒரு சோதனை செய்தார்கள். பூச்சி உள்ள நுனிகள் சிலவற்றை வலைத்துணிப் பையால் முழுக்க மூடினார்கள், குளவி புகாது. வேறு சிலவற்றுக்கு அதே துணிப் பையை மாட்டி அடிப்பக்கத்தைத் திறந்து விட்டார்கள். நிழலும் வெப்பமும் ஒன்றுதான், குளவி மட்டும் புகும். மூடிய பைக்குள் பூச்சி பெருகியது. திறந்த பைக்குள் அடங்கியது. இரண்டுக்கும் நடுவே மாறிய ஒரே விஷயம் குளவி.

இந்தியாவில் இந்த மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டது. பின்னாலேயே சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் நுனிகள் கொத்தாயின. நல்லவேளையாக நம்மிடம் அனுபவம் இருந்தது. 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டி மரவள்ளி, மல்பெரி, பப்பாளி என்று எல்லாவற்றையும் வெளுத்த பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்து ஆள். அதற்கான குளவிகளை 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்டபின் அது ஓய்ந்தது. அதற்கும் முன்னால், 1926-ல் இலங்கையிலிருந்து வந்த ஒரு செதில்பூச்சி, தமிழகத்தில் ஏக்கர் ஏக்கராக மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளியைக் காலி செய்தது. கள்ளியும் அமெரிக்கக் குடிதான், பூச்சியும் அமெரிக்கக் குடிதான். பழைய ஊரின் எதிரியை வரவழைத்து அடக்கும் இந்த வழிக்கு 'உயிரியல் கட்டுப்பாடு' என்று பெயர்.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசியைத் தருவித்தது. தொற்றுக்காப்பில் வைத்துச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் வயலில் முதன்முறையாக விட்டார்கள். விட்ட இடம், கல்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்.

எந்த வெளியூர் உயிரையும் இப்படிக் கொண்டுவந்து விடலாமா என்ற பயம் நியாயமானது. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் ஆஸ்திரேலியாவில் விட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்று இன்றுவரை பெருகிக்கொண்டிருக்கிறது. வேறுபாடு வாயில் இருக்கிறது. தேரை கிடைத்ததைத் தின்னும். இந்தக் குளவியின் புழுவோ குறிப்பிட்ட மாவுப்பூச்சிக்குள்ளேதான் வளர்ந்து கரையேறும். அந்தப் பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். தென்னமெரிக்க வடக்குப் பூச்சியின் குளவிகள் அச்சு அசலான அண்டை இனத்தைக்கூடத் தொடாமல் போனது அன்று ஏமாற்றமாக இருந்தது. இன்று நம் தைரியத்துக்கு ஆதாரமே அந்த வகைப் பிடிவாதம்தான்.

ஆனால் குளவிக்கு ஒரு பலவீனம் உண்டு. நுனி கொத்தானதைக் கண்டு பதறி மருந்தடித்தால், மாவின் மறைவில் இருக்கும் பூச்சி பாதி தப்பிக்கும். வெட்டவெளியில் திரியும் குளவி முதலில் சாகும். கொத்தான நுனிகளை ஒடித்து எரிப்பதும், பூச்சி விழுந்த காட்டிலிருந்து குச்சி வாங்காமல் இருப்பதும்தான் கைமருத்துவம். இரண்டாவது சொல்வதற்கு எளிது. நடவுக் காலத்தில் குச்சிக்குத் தட்டுப்பாடு வந்தால் கருமந்துறைக் குச்சியா, நாமக்கல் குச்சியா என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். லாரியில் வந்ததை இறக்கி ஊன்றுவார்கள்.

குச்சியின் பயணத்தில் நாம் வாங்குபவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் தேமல் தெரிந்தது. அதுவரை தென்கிழக்காசியா அந்த நோயை அறியாது. வைரஸின் மரபுப் பொருளைப் படித்துப் பார்த்தார்கள்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருந்துவந்த இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். 2017-ல் வியட்நாம், 2018-ல் தாய்லாந்து. நம் பக்கத்துக் காட்டுச் செடியிலிருந்து மரவள்ளிக்குத் தாவிய வைரஸ், இப்போது தாய்லாந்து வெள்ளையின் சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு எதிராக அங்கே விட குளவி எதுவும் இல்லை; வைரஸைத் தின்னும் குளவி கிடையாது. அமானியில் சியாரா ரப்பரோடு தொடங்கிய அந்தப் பழைய கலப்பின் வாரிசுகளைத்தான் இபடானிலிருந்து வரவழைத்து, தங்கள் மாவுச்சத்து ரகங்களோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.